சொந்தக் குதிரை வாங்கலாமா?

அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் அந்த மார்வாரிப் பெட்டைக் குதிரையைப் பார்த்ததிலிருந்து மனசு அங்கேயே நிற்கிறது. காது நுனிகள் உள்நோக்கி வளைந்து ஒன்றையொன்று தொடுகின்றன. கழுத்தைத் தடவினால் தோல் சிலிர்க்கிறது.

விலையைவிட வளர்ப்புதான் யோசிக்க வைக்கிறது. 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை குளம்பு சீவ வேண்டும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. தீவனம் கொஞ்சம் தப்பினாலும் வயிற்றுவலியே உயிரை வாங்கிவிடும். ராத்திரியில் கூப்பிட்டாலும் வருகிற, குதிரை பார்க்கத் தெரிந்த மருத்துவர் வேண்டும். நன்றாகக் கவனித்தால் 25 வருஷம்கூட வாழும். கூட்டத்தோடு வாழ்கிற பிராணி, தனியாகக் கட்டினால் ஏங்கிப்போகும். (எனக்குப் பெரிய கவலையே இதுதான்.)

அதனால் இந்த ஆடிக்கு வாங்கவில்லை. அடுத்த ஆடி வரை பக்கத்து லாயத்தில் லத்தி அள்ளி, கொள்ளு ஊறவைத்துப் பழகப்போகிறேன். வாங்கினாலும் அங்கேயே, மற்ற குதிரைகளோடுதான் விடுவேன்.