வாத்தியாரும் வாத்துகளும்



போன வாரம் நான் போட்ட வாத்துப் படத்தைப் பார்த்துவிட்டு, "சார், எந்தக் கேமரா?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். "வாத்தியார் வாத்து பிடிக்கப் போயிட்டார்" என்று என் மைத்துனர் வழக்கம்போல் கிண்டல் செய்திருந்தார். கேமராவைப் பற்றி ஒரு வரியில் சொல்லிவிடலாம். என் மகன் பழசாக வாங்கிக் கொடுத்தது, 300 எம்.எம். லென்ஸ், அவ்வளவுதான். ஆனால் அந்தப் படம் எப்படிக் கிடைத்தது என்று சொல்லக் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டும். நான் வெட்கப்பட்ட கதையும் அதில் இருக்கிறது. பொறுமையாகப் படியுங்கள்.

நம் நெல்லைச் சீமையில் ஐப்பசி, கார்த்திகை மழைக்குக் குளங்கள் பெருகினால் மார்கழி, தை மாதங்களில் வெளிநாட்டு விருந்தாளிகள் வந்துவிடுவார்கள். கூந்தன்குளம் உங்களுக்குத் தெரியும். 1994-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட ஊர். பறவைகள் பயந்துவிடக் கூடாது என்று அங்கே தீபாவளிக்கு வெடி போட மாட்டார்கள். அங்கே மட்டும்தான் பறவை வரும் என்று நினைக்க வேண்டாம். நம் பக்கத்துச் சாதாரணப் பாசனக் குளங்களிலும் ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, தட்டைவாயன் எல்லாம் வந்து இறங்கும். இங்கேயே குடியிருக்கும் புள்ளிமூக்கு வாத்தும் சீழ்க்கைச் சிறகியும் அவற்றோடு சேர்ந்துகொள்ளும். ஓய்வு பெற்ற பிறகு காலை நடைக்குப் போன இடத்தில்தான் எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது.

முதல் இரண்டு வருடம் எடுத்த படங்களைப் பார்த்தால் எனக்கே சிரிப்பு வரும். காபி, பேப்பர் எல்லாம் முடித்துக்கொண்டு ஒன்பதரை மணிக்குப் போவேன். அப்போது வெயில் உச்சந்தலையில் இறங்க ஆரம்பித்திருக்கும். வாத்தின் முதுகு வெள்ளையாக வெளுத்துப்போகும், வயிறு கறுப்பாகிவிடும், கண் இருக்குமிடமே தெரியாது. தண்ணீர் சூடேறிக் காற்று அலையடிப்பதால் தூரத்துப் பறவை எல்லாம் கலங்கித் தெரியும். லென்ஸில் கோளாறு என்று நினைத்து அதைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். முப்பத்திரண்டு வருடம் பிள்ளைகளுக்கு ஒளிவிலகல் பாடம் நடத்தியவன் நான்!

பிறகு புத்தி வந்து, விடியுமுன் போகப் பழகினேன். ஆனாலும் வாத்துகள் குளத்தின் நடுவில் தலையைச் சிறகுக்குள் செருகிக்கொண்டு உருண்டை உருண்டையாகக் கிடக்கும். பறக்கிற படம் ஒன்றாவது வேண்டுமே என்று எனக்கு ஆசை. போன ஜனவரியில் ஒரு நாள் காலை, நல்ல வெளிச்சம். ஷட்டர் வேகத்தை 1/1600-இல் வைத்துக் கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, பலமாக மூன்று தடவை கை தட்டினேன்.

முந்நூறு, நானூறு வாத்துகள் ஒரே நேரத்தில் எழுந்தன. அந்தச் சிறகுச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. படபடவென்று எடுத்துத் தள்ளினேன். எல்லாம் போய்க்கொண்டிருக்கும் பறவைகளின் முதுகுகள்.

"சார், ஏன் சார் கலைக்கீங்க?"

திரும்பிப் பார்த்தேன். மடைப் பக்கம் மண்வெட்டியோடு ஒருவர் நின்றார். நாற்பத்தைந்து வயது இருக்கும். முகம் பிடிபடவில்லை. அவரே சொன்னார், எட்டாம் வகுப்பில் என்னிடம் படித்தவராம். மடைக்குக் கீழே குத்தகைக்கு நெல் வைத்திருக்கிறாராம்.

"ராத்திரி பூரா வயல்ல மேஞ்சிட்டு இப்பதான் சார் வந்து அடைஞ்சிருக்குதுக. தூங்குதத எழுப்பி விட்டுட்டீங்களே. மாசியில ஊருக்குக் கிளம்பணும் அதுக. இங்க தின்னு கொழுப்புச் சேத்தாத்தான சார் அவ்வளவு தூரம் பறக்க முடியும்?"

நான் என்ன பதில் சொல்ல? ஊசிவால் வாத்து சைபீரியா மாதிரி வட நாடுகளிலிருந்து வருகிறது, திரும்பவும் அங்கேதான் போய் முட்டையிடுகிறது என்பது எனக்கும் தெரியும். ஒவ்வொரு தடவை பதறிப் பறக்கும்போதும் அது சேர்த்து வைத்ததில் கொஞ்சம் செலவாகிறது என்பதை நான் யோசித்ததில்லை. "தெரியாமப் பண்ணிட்டேன்பா" என்றேன்.

அவன் (மாணவன் என்று தெரிந்த பிறகு 'அவர்' என்று எழுத வரவில்லை, மன்னியுங்கள்) சிரித்தான். "உங்களுக்கு அது பழக்கம் சார். வகுப்புலயும் கேள்வி கேட்டுட்டு மூணு தடவ கை தட்டுவீங்க. அதுக்குள்ள பதில் சொல்லலன்னா 'உக்காரு'ன்னுருவீங்க. எனக்குப் பதில் தெரியும் சார். மூணு தட்டுக்குள்ள வாயில வராது."

கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னான். எனக்குத்தான் கரையில் நிற்க முடியவில்லை, உட்கார்ந்துவிட்டேன். அந்தக் கைதட்டலைச் சுறுசுறுப்பு என்று நான் பெருமையாக நினைத்திருந்தேன். வகுப்பு ஆய்வுக்கு வந்த அதிகாரிகூடப் பாராட்டியிருக்கிறார். இவன் பத்தாம் வகுப்பில் அறிவியலில் தவறிப் படிப்பை விட்டிருக்கிறான். அதற்கு என் கைதட்டல்தான் காரணம் என்று அவன் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

மறுநாள் ஐந்தே முக்காலுக்கு வரச் சொன்னான். போனேன். கிழக்குக் கரையில் மடையை ஒட்டி ஒரு கருவேலம் புதருக்குப் பக்கத்தில் உட்காரச் சொன்னான். சூரியன் நம் முதுகுக்குப் பின்னால் வரும், வாத்தின் முகத்தில் வெளிச்சம் விழும். கரையில் நின்றால் வானத்தில் நம் உருவம் தெரியும், கீழே தண்ணீர் மட்டத்துக்கு உட்கார்ந்தால் அவற்றுக்குப் பயமில்லை. இதெல்லாம் எந்தப் புகைப்படப் புத்தகமும் படிக்காமல் அவன் சொன்னது. இருட்டிலேயே சத்தத்தை வைத்து, "அது சீழ்க்கைச் சிறகி, இது நீலச்சிறகி" என்று மெதுவாகச் சொன்னான். ஒவ்வொரு ஜனவரியிலும் தாமிரபரணிக் குளங்களில் நடக்கும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்கு அவனும் போகிறானாம்.

ஆறரை தாண்டிச் சூரியன் வந்தது. ஆனால் கரையின் நிழல் தண்ணீர் மேல் கிடந்தது. அந்த நிழல் கொஞ்சம் கொஞ்சமாக நம் பக்கம் சுருங்கி வர வேண்டும். அதுவரை சும்மா இருக்க வேண்டும். எனக்குக் கை பரபரத்தது, உண்மையைச் சொல்கிறேன். அரை மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். மேய்ச்சலிலிருந்து திரும்பிய ஒரு புள்ளிமூக்கு ஜோடி எங்களுக்கு இருபது அடியில் வந்து இறங்கியது. அலகு நுனியில் மஞ்சள், அலகும் நெற்றியும் சேரும் இடத்தில் இரண்டு சிவப்புப் புள்ளி. ஒன்று எழும்பிச் சிறகை உதறியது. சாய்ந்த வெயில் பட்டதும் சிறகில் பச்சை மின்னியது, ஒரு நொடிதான். அந்தப் பச்சை சாயம் இல்லை. சோப்புக் குமிழியில் நிறம் தெரிவது மாதிரி, இறகின் நுண்ணிய அமைப்பில் ஒளி பட்டுத் திரும்புவதால் வருவது. வெளிச்சம் சரியான கோணத்தில் விழாவிட்டால் அதே சிறகு வெறும் கறுப்பாகத்தான் தெரியும். நான் இத்தனை நாளும் கறுப்பு என்றே நினைத்திருந்தேன்.

நீங்கள் பார்த்த படம் அதுதான்.

எடுக்க ஆசைப்படுகிறவர்களுக்குச் சில குறிப்புகள். விடியுமுன் போய் உட்காருங்கள், எட்டரைக்குக் கிளம்பிவிடுங்கள். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். இருண்ட தண்ணீரைப் பார்த்துக் கேமரா ஏமாந்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும், ஊசிவாலின் வெள்ளை மார்பு வெந்துபோகும். ஆகவே எக்ஸ்போஷரை ஒரு படி குறைத்து வையுங்கள். பறவையின் கண்ணில் குவியுங்கள். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். வாத்துகள் தலையைத் தூக்கி ஒன்றுபோல் நம்மைப் பார்த்தால், நாம் அளவுக்கு மீறி நெருங்கிவிட்டோம் என்று அர்த்தம். அங்கேயே நின்றுவிடுங்கள். கை தட்டாதீர்கள்.

இதை எழுதலாமா என்று அவனிடம் கேட்டேன். "என் பேரு மட்டும் போடாதீங்க சார்" என்றான். கூடவே, "அதுக்கு முந்தி போட்ட படத்துல புள்ளிமூக்குக் குஞ்சுன்னு எழுதியிருக்கீங்க. அது ஊசிவால் பெட்டை சார். மாத்திருங்க" என்றான். மாற்றிவிட்டேன்.

மூன்று தட்டுக்குள் பதில் வராமல் உட்கார்ந்த பிள்ளைகள் உங்களில் இன்னும் எத்தனை பேரோ, எனக்கு ஞாபகம் இல்லை. உங்களுக்கு இருக்கும். உங்கள் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஊருக்கு வந்தால் வீட்டுக்கு வாருங்கள். அன்றைக்குச் சொல்ல முடியாமல் போனதை இப்போது நிதானமாகச் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் பழைய அறிவியல் வாத்தியார்