எஸ்டேட் வைன்

‘எஸ்டேட்’ என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் பெருமையாகச் சொல்லிக் கேட்டதில்லை. “அவன் எஸ்டேட்டுப் பையன்” என்றால் அதில் ஓர் இளக்காரம் இருக்கும். அதே சொல் வைன் பற்றிய பேச்சில் வந்தால் போத்தலின் விலை கூடிவிடுகிறது. இந்த வித்தியாசம் எனக்கு உறைத்தது ஒரு பிரெஞ்சு வெள்ளை வைனைக் குடித்தபோதுதான்.

ஜொகூர் பாருவில் என்னோடு வேலை பார்த்த சீன நண்பர் வேறு கம்பெனிக்குப் போகும்போது திறந்த போத்தல் அது. திரிம்பாக் குடும்பத்தின் ரீஸ்லிங். அல்சாஸ் பகுதியில் 1626 முதல் வைன் செய்துவருகிற குடும்பம். இப்போது ரிபோவில்லே என்ற சிற்றூரில் இருக்கிறது. 1871-இல் அல்சாஸ் ஜெர்மனியிடம் போனது. முதல் உலகப் போருக்குப் பின் பிரான்சுக்குத் திரும்பியது. 1940-இல் மறுபடி ஜெர்மனி, 1945-இல் மறுபடி பிரான்ஸ். மேலே பறந்த கொடி மாறிக்கொண்டே இருந்தது. கீழே படர்ந்த கொடியும் அதை வளர்த்த குடும்பமும் அங்கேயே இருந்தார்கள்.

முதல் வாயில் எலுமிச்சைத் தோல், பச்சை ஆப்பிள். இனிப்பே இல்லை. பிஞ்சுப் புளியங்காயைக் கடித்த மாதிரி நாக்கின் ஓரங்கள் கூசின. அதற்குப் பின்னால் லேசாக மண்ணெண்ணெய் வாடை. பாசிர் கூடாங்கில் ரசாயன ஆலைகளுக்கு நடுவே வேலை செய்கிறவன் மூக்குக்கு அது தப்பாது. “என்ன இது, மண்ணெண்ணெய் மாதிரி இருக்கே?” என்றேன். “அதுக்குத்தான் காசு” என்றார் நண்பர்.

வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தேன். வெயில் பட்ட திராட்சையில் இருக்கும் கரோட்டினாய்டுகள் சிதைந்து, போத்தலுக்குள் வருடக்கணக்கில் மெல்ல டி.டி.என். என்ற சேர்மமாக மாறுகின்றன. லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் இருந்தாலே மூக்கு பிடித்துவிடுமாம். முதிர்ந்த ரீஸ்லிங்கின் அடையாளமே அந்த வாடைதான்.

பாட்டிக்கும் ஒரு வாடை இருந்தது. நாற்பது வருஷம் பால் மரம் வெட்டியவர். ஆசிட்டும் ஒட்டுப்பாலும் கலந்த வீச்சம் துணியிலிருந்து போகவே போகாது. பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர்கள் தள்ளி உட்காருவார்கள் என்று அம்மா சொல்வார். இரண்டும் வேதியியல்தான். ஒன்றை வர்ணிக்கப் புத்தகங்கள் இருக்கின்றன. மற்றதைக் கழுவ சோப்பு மட்டும்தான் இருந்தது.

எங்கள் எஸ்டேட்டிலும் வெள்ளையாக ஒன்றைக் குடித்தார்கள். கள்ளு. தென்னம்பாளையில் இறங்கியதும் தானாகவே நொதிக்கத் தொடங்கும். காலையில் இனிப்பு, சாயங்காலம் புளிப்பு, விட்டுவைத்தால் காடி. அதை வைத்து முதிரவைக்க முடியாது, சுடச்சுடக் குடித்தாக வேண்டும். தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை இருந்ததால் சம்பளத்தில் ஒரு பங்கு தோட்டத்தைத் தாண்டவே இல்லை. 1941 கிள்ளான் வட்டார வேலைநிறுத்தத்தில் ஆர்.எச். நாதனும் தொழிலாளர்களும் வைத்த கோரிக்கைகளில், சம்பளத்தோடு கள்ளுக்கடையை மூடுவதும் இருந்தது. நாதன் கைதானார். துப்பாக்கிச்சூட்டில் தொழிலாளர்கள் இறந்தார்கள். இந்த வரலாறெல்லாம் பாட்டியின் வாயில் ஒரே வரிதான்: “குடிகாரன் வீட்டுல வெளக்கு எரியாதுப்பா.” தாத்தாவைப் பற்றி அதற்கு மேல் அவர் பேசியதில்லை.

திராட்சைத் தோட்டத்துக்கும் ரப்பர் தோட்டத்துக்கும் நடுவே ஒரு பிரெஞ்சுக்காரரும் வருகிறார். ஆன்றி ஃபோக்கொனியே. கொன்யாக் தொழில் செய்த குடும்பத்தில் 1879-இல் பிறந்து, சிலாங்கூருக்கு வந்து ரப்பர் தோட்டம் போட்டவர். 1917-இல் தென்னமரம் தோட்டத்தில் மலாயாவின் முதல் வணிகச் செம்பனையை நட்டவரும் அவர்தான். இந்தத் தோட்ட வாழ்க்கையை வைத்து எழுதிய ‘மலேசி’ நாவலுக்கு 1930-இல் பிரான்சின் கோன்கூர் பரிசு கிடைத்தது. அவர் தொடங்கிவைத்த பயிர் பின்னாளில் ஜொகூரிலும் ரப்பரின் இடத்தைப் பிடித்தது. செம்பனை நின்ற பல இடங்கள் இப்போது தாமான்களாகிவிட்டன. எங்கள் குடும்பம் மூன்று தலைமுறை ஒரே தோட்டத்தில் இருந்தது. மரங்கள் சாய்ந்ததும் லயமும் காலி. கையில் ஒரு அடி மண் மிஞ்சவில்லை.

வைன் தெரிந்தவர்கள் மண்ணின் ருசியைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள். எந்தச் சரிவு, எந்தச் சுண்ணாம்புக்கல், எத்தனை மணி நேர வெயில். இவை எல்லாம் நாக்கில் தெரியும் என்கிறார்கள். நான் நம்புகிறேன். ஆனால் நானூறு வருஷம் ஒரே இடத்தில் இருக்க முடிந்ததும் அந்த ருசியில் கலந்திருக்கிறது. பாலை உறையவைக்க எவ்வளவு ஆசிட் என்பதைக் கண்ணளவிலேயே சொல்லிவிடுவார் பாட்டி. அந்த ஞானம் அவரோடு நின்றுவிட்டது. அம்மாவிடமும் என்னிடமும் வந்து சேர அதற்கு ஓர் இடமில்லை.

அது நல்ல வைன். இன்னொரு முறை கிடைத்தால் குடிப்பேன். பாட்டியிடம் திரிம்பாக் குடும்பத்தைப் பற்றிச் சொன்னேன். நான் குடித்ததைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை.

“நானூறு வருஷமா அதே எடத்துலயா இருக்காங்க? யாரும் காலி பண்ணச் சொல்லலையா?”

“நெலம் அவங்களோடது, பாட்டி.”

“அப்ப சரி,” என்றார்.