நைனாவின் மேசை

ரொம்ப நாளாக எதுவும் எழுதவில்லை. கண் ஆபரேஷன் முடிந்து இப்போது நலம். எழுதாததற்கு இன்னொரு காரணம், வீட்டில் மேசை இல்லை. ரிப்பேருக்குப் பிரித்துப் போட்டிருந்தோம்.

எந்த மேசை என்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். சாயங்கால டியூஷனில் அதைச் சுற்றி உட்கார்ந்துதான் வாய்ப்பாடு சொன்னீர்கள். நடுவே ஒரு விரிசல் இருக்கும், அதில் பென்சில் துண்டைப் போட்டுவிட்டு "டீச்சர், பென்சில் காணோம்" என்பீர்கள். அந்த விரிசல் வந்த கதையை யாருக்கும் நான் சொன்னதில்லை.

1982-ல் ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு வந்தபோது நைனா செய்து கொடுத்த மேசை அது. நைனா படகு ஆசாரி வேலை பார்த்தவர். பலகைக்கும் பலகைக்கும் நடுவே பஞ்சுத் திரியை அடைத்து, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசுவார். கரையில் கிடக்கும் படகில் பலகை காய்ந்து சந்து விடும், தண்ணீரில் இறக்கினால் ஊறி அதுவே மூடிக்கொள்ளும். "மரம் செத்தாலும் மூச்சு விடும்மா" என்பார். நான் அதைப் பழமொழி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் தொழிலைத்தான் சொல்லியிருக்கிறார்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. அன்றைய கதையை இங்கே மறுபடி எழுதப் போவதில்லை, நம் லைட்ஹவுஸ் குப்பத்தில் அதை மறந்தவர் யார்? தண்ணீர் வடிந்த பிறகு வீட்டுக்கு வந்தால் மேசை வாசற்படியில் குறுக்கே கிடந்தது. உப்புத் தண்ணீர் குடித்து ஊறி, இரண்டு ஆள் தூக்க முடியாத கனம். நான் அதை மணலில் இழுத்துப் போட்டு வெயிலில் காய வைத்தேன்.

"நெழல்ல போடும்மா. மெதுவா காயட்டும்" என்றார் நைனா.

எனக்கு அவசரம். பிள்ளைகளுக்குப் பரீட்சை வருகிறது, வீடெல்லாம் சேறு, தூங்கி நாலு நாள். கேட்கவில்லை. மேல்பக்கம் சீக்கிரம் காய்ந்தது, அடிப்பக்கம் ஈரம் அப்படியே. பலகை தாம்பாளம் போல ஓரம் தூக்கிக்கொண்டது. நான் மூன்று அங்குல ஆணி வாங்கி வந்து, பக்கத்துக்கு ஆறு என்று பன்னிரண்டு ஆணியை மேலிருந்து சட்டத்தில் அடித்து இறக்கினேன். நைனா தடுக்க வந்தார். அப்போது நான் சொன்னது: "உங்க மர வேல இப்ப யாருக்கு நைனா வேணும்?"

கரையில் ஃபைபர் படகுகள் வந்து இறங்கிக்கொண்டிருந்த நேரம் அது. அவருக்கு வேலை கேட்டு ஒருவரும் வரவில்லை. உளி, இழைப்புளி எல்லாம் கோணியில் கட்டிக் கிடந்தன. அவர் ஒன்றும் பேசாமல் வெளியே போய்விட்டார். சித்திரை மாதம் ஒரு மத்தியானம் 'பட்' என்று சத்தம். பலகை ஒரு முனையிலிருந்து பாதி தூரம் வரை பிளந்திருந்தது. நைனா 2007-ல் தவறிப் போனார். அந்தப் பேச்சுக்கு நான் மன்னிப்புக் கேட்கவே இல்லை.

விரிசலை எம்-சீல் வைத்து அடைத்தேன், பேர்ந்தது. மெழுகு ஊற்றினேன், அதுவும் பேர்ந்தது. போன மாதம் மகன், "தூக்கிப் போடும்மா, புதுசு வாங்கலாம்" என்றான். என்னிடம் ஐந்தாவது படித்த ஒரு பையன் (பையனா? அவனுக்கே நாற்பத்தைந்து) பொன்னேரியில் மர வேலை செய்கிறான். அவனை வரச் சொன்னேன்.

அவன் முதலில் மேசையைக் கவிழ்த்தான். அடியில் சட்டத்தின் உள்பக்கம் ஒரு காடி, அதில் நாக்கு நுழைந்தாற்போல சின்னச் சின்ன மரக்கட்டைகள். பலகையை நைனா ஆணியால் இறுக்கவே இல்லை, அந்தக் கட்டைகளால் பிடித்து மட்டும் வைத்திருந்தார். மரம் நீளவாக்கில் அசைவதில்லையாம், அகலவாக்கில்தான் மழைக்கு விரிந்து வெயிலுக்குச் சுருங்கும். சுருங்க இடம் கொடுத்தால் பிளக்காது. நான் இரண்டு பக்கமும் ஆணியால் கட்டிப் போட்டேன். இழுத்த இழுப்பில் நடுவே கிழிந்துவிட்டது.

ஆணிகளை அறுக்கப் பலகைக்கும் சட்டத்துக்கும் நடுவே ஆக்சா பிளேடை விட்டவன், சட்டென்று நிறுத்திவிட்டுக் கேட்டான்: "டீச்சர், இந்தக் கோடியில அஞ்சு ஆணிய ஏற்கெனவே யாரோ அறுத்திருக்காங்களே? அதான் விரிசல் பாதியோட நின்னுடுச்சு."

ஆறாவது ஆணியில் பாதி வெட்டு. பக்கத்திலேயே துருப்பிடித்த பிளேடுத் துண்டு ஒன்று சிக்கியிருந்தது. உடைந்ததும் விட்டுவிட்டார் போல. அந்த வீட்டில் ஆக்சா பிளேடு வைத்திருந்தவர் ஒரே ஒருவர்தான். எப்போது செய்தார்? நான் பள்ளிக்கூடம் போயிருந்த நேரமாக இருக்கும். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் திண்ணையில் போய் உட்கார்ந்துவிட்டேன். அவனும் கொஞ்ச நேரம் வேலையை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனான். நல்ல பிள்ளை.

பிறகு நடந்த வேலையையும் சொல்கிறேன், உங்கள் வீட்டிலும் பழைய சாமான் இருக்கும். பலகையை இரண்டு வாரம் வீட்டுக்குள்ளேயே செங்கல் மேல் வைத்துவிட்டான். விரிசலில் இருந்த எம்-சீல், மெழுகு, அழுக்கு எல்லாவற்றையும் புது மரம் தெரியும்வரை சுரண்டி எடுத்தான், அழுக்கில் பசை பிடிக்காது. முனையில் ஐந்து ரூபாய்க் காசு நிற்கிற அகலம். அதை இழுத்து மூடக் கூடாது, மூடினால் வேறு இடத்தில் பிளக்கும் என்றான். பழைய மரத்தில் ஒரு சிம்பைப் பச்சர் போலச் சீவி, ரேகை ஒரே திசையில் ஓடும்படி ஃபெவிகால் தடவி இறக்கினான். கிளாம்ப் நீளம் போதவில்லை. வலைக் கயிற்றைச் சுற்றி, குச்சி கொடுத்து முறுக்கி ஒரு நாள் வைத்தான். அடிப்பக்கம் விரிசலுக்குக் குறுக்கே உடுக்கை வடிவத்தில் இரண்டு கட்டைகள் பதித்திருக்கிறான், இனி விலகாது. ஆணி இருந்த இடங்களில் மரம் கறுத்துப் போயிருக்கிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன்.

நைனாவின் மரக்கட்டைகள் மீண்டும் அதே காடியில் ஏறின. கூலியே வேண்டாமென்று அடம் பிடித்தான், டீச்சர் குரலில் அதட்டித்தான் கொடுக்க வேண்டியிருந்தது.

இதை அந்த மேசையில் வைத்துத்தான் எழுதுகிறேன். வெயில் படாத மூலையில் போட்டிருக்கிறோம். பிளேடுத் துண்டு இழுப்பறையில் இருக்கிறது. போட்டோ கேட்பீர்கள், பேத்தி ஞாயிற்றுக்கிழமை வந்ததும் எடுத்துப் போடச் சொல்கிறேன்.