கூட உட்கார்ந்து பழக்க வேண்டிய ஜெபம்

மாணவர் ஊழியத்தில் புதிதாகப் பொறுப்பேற்றிருக்கும் தம்பி, தங்கைகளே,

நீங்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது ஒன்றுதான்: "அண்ணாச்சி, பிள்ளைகள் கூட்டத்துக்கு வருகிறார்கள், நன்றாகப் பாடுகிறார்கள். ஆனால் வீட்டுக்குப் போனால் ஜெபிப்பதில்லை. என்ன செய்ய?" தாராவியில் நெடுங்காலம் ஞாயிறு பள்ளியிலும் வாலிபர் கூட்டத்திலும் இருந்தவன் என்ற உரிமையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் அந்தப் பிள்ளையின் வீட்டைப் போய்ப் பாருங்கள். ஒரே அறை. அதில்தான் சமையல், படிப்பு, தூக்கம் எல்லாம். அப்பா இரவு வேலை முடித்துப் பகலில் தூங்குவார். பக்கத்து வீட்டு டிவி சத்தம் சுவரைத் தாண்டி வரும். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஜெபிக்கச் சொன்னார் ஆண்டவர். சாத்துவதற்குத் தனிக் கதவே இல்லாத பிள்ளையிடம் "தினமும் ஒரு மணி நேரம் தனித்திரு" என்றால் அவன் மனதில் பாரம்தான் ஏறும். நெருக்கடியான வீடு ஆண்டவருக்கும் தெரியும். சீமோன் பேதுருவின் வீட்டு வாசலில் ஊரே திரண்டிருந்த இரவுக்கு மறுநாள்தான், அவர் இருட்டோடே எழுந்து, வனாந்தரமான இடம் தேடிப் போய் ஜெபித்தார் என்று மாற்கு எழுதுகிறார்.

ஆகவே, இடம் இல்லாத பிள்ளைக்கு இடம் கொடுங்கள். ஆலயக் கூடத்தையோ டியூஷன் அறையையோ கொஞ்சம் முன்னதாகத் திறந்து வையுங்கள். அதற்கும் வழியில்லை என்றால், அவன் தினமும் தவறாமல் செய்யும் ஒரு வேலையோடு ஜெபத்தைச் சேர்த்துவிடுங்கள். காலையில் குழாய்த் தண்ணீர் பிடித்து முடித்ததும் ஐந்து நிமிடம். சயானில் ரயில் ஏறியதும் நின்றபடியே ஐந்து நிமிடம். சிறிதாக இருக்கட்டும், ஆனால் நேரம் மாறாமல் இருக்கட்டும்.

பரீட்சை நெருங்கும்போது மட்டும் முழங்கால் போடும் பிள்ளைகளுக்குத் தானியேலைச் சொல்லுங்கள். இளவயதிலேயே பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர் அவர். ஜெபித்தால் சிங்கக் கெபி என்று சட்டம் வந்த நாளில் அவர் புதிதாக எதையும் தொடங்கவில்லை. முன்பு செய்துவந்தபடியே மூன்று வேளையும் எருசலேமுக்கு நேரான பலகணியருகே முழங்கால் படியிட்டார். ஆபத்து வந்தபோது அவரைத் தாங்கியது அதற்கு முந்தின சாதாரண நாட்களின் பழக்கம்.

மாணவர்கள் சேர்ந்து ஜெபித்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் பம்பாயே சாட்சி. அமெரிக்காவின் வில்லியம்ஸ் கல்லூரியில் சில மாணவர்கள் வாரத்தில் இரண்டு நாள் திறந்தவெளியில் கூடி ஜெபிப்பது வழக்கம். 1806 ஆகஸ்டில் ஒருநாள் இடியும் மழையும் வந்தன. அன்று வந்திருந்த ஐந்து பேர் ஒரு வைக்கோற்போர் அடியில் ஒதுங்கி, ஆசியாவுக்காக ஜெபித்தார்கள். அந்த மாணவர் வட்டத்தின் ஊக்கத்தால் 1810-இல் அமெரிக்க மிஷன் சங்கம் பிறந்தது. அதே கல்லூரியில் படித்த கார்டன் ஹால் 1813-இல் பம்பாய் வந்து இறங்கினார். அந்த ஐவரில் ஒருவரான ஜேம்ஸ் ரிச்சர்ட்ஸ் 1816-இல் யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்து, அந்த மண்ணிலேயே 1822-இல் கண்மூடினார். அந்த ஐந்து பேரும் நம் பிள்ளைகளைப் போன்ற கல்லூரி மாணவர்கள்தான். குறித்த நாளில் கூடும் வழக்கம் அவர்களுக்கு இருந்ததால்தான் மழை நாளிலும் அங்கே இருந்தார்கள்.

அதனால் ஒருவனைத் தனியே விடாதீர்கள். இரண்டு பேர், மூன்று பேராகச் சேர்த்துவிடுங்கள். ஒருவன் சோர்ந்தால் மற்றவன் கூப்பிடுவான். ஒரு நாள் தவறினால் கணக்குக் கேட்காதீர்கள். "நாளைக்கு வா, சேர்ந்து ஜெபிப்போம்" என்றால் போதும்.

அழகான வார்த்தைகளையும் எதிர்பார்க்காதீர்கள். அப்பாவின் வேலை போனது, கணக்கில் ஃபெயில் ஆனது, அம்மாமேல் வந்த கோபம், நம் வீடு இடிபட்டால் எங்கே போவோம் என்ற பயம், எல்லாவற்றையும் உள்ளபடி சொல்லப் பழக்குங்கள். சங்கீதப் புத்தகத்தில் கண்ணீரும் கேள்வியும் நிறைந்த பாடல்கள் எத்தனை! தன் பாரத்தைச் சொல்லப் பழகியவன் பிறகு பக்கத்து வீட்டுக்காரனின் பாரத்தையும் சுமந்து ஜெபிப்பான்.

எல்லாவற்றுக்கும் மேல், நீங்கள் ஜெபிப்பதைப் பிள்ளைகள் பார்க்க வேண்டும். இயேசு ஜெபித்து முடித்ததைக் கண்ட பிறகுதான் சீஷர்களில் ஒருவன் எங்களுக்கும் கற்றுக்கொடும் என்று கேட்டான். பத்துப் பிரசங்கம் செய்யாததை, கூட உட்கார்ந்து ஜெபிக்கும் பத்து நிமிடம் செய்யும்.

இந்த வாரமே தொடங்குங்கள். தம்பிமார் இரண்டு பையன்களையும், தங்கைமார் இரண்டு பெண்பிள்ளைகளையும் தெரிந்துகொள்ளுங்கள். நாளும் நேரமும் குறியுங்கள். அவர்கள் வரும் முன்பே நீங்கள் அங்கே போய் இருங்கள். அவர்கள் வராவிட்டாலும் அந்த நேரத்தில் அவர்கள் பேரைச் சொல்லி ஜெபியுங்கள்.