ஊருக்குள்ளேயே ஒரு ரூம்பு

பெரியபட்டினம் கடற்கரையில், விரல்களில் சுற்றிய துணிக் கந்தலை ஒவ்வொன்றாக அவிழ்த்தபடி உட்கார்ந்திருந்தார் அந்த ஆத்தா. சிறு வயதிலிருந்து மன்னார் வளைகுடாவில் முங்கிப் பாசி எடுத்த கை. பாறையில் கிழியாமலிருக்கத்தான் துணி. கஞ்சிப் பாசி, மரிக்கொழுந்துப் பாசி என்று பேர் சொல்லிப் பிரித்துக் காட்டினார். இப்போது மூச்சுப் பிடிக்க முடியவில்லை, கரையில் ஒதுங்குவதை மட்டும் பொறுக்குகிறார். பிள்ளைகள் வெளியூரில். வீடு என்பது ஓலைச் சாய்ப்பு ஒன்று. மாதம் வருகிற முதியோர் பணம் 1200 ரூபாய்.

உடன் வந்த நண்பர், “ஏதாவது முதியோர் இல்லத்துல சேத்துவிடவா ஆத்தா?” என்று கேட்டுவிட்டார். ஆத்தாவின் முகம் சுருங்கிவிட்டது.

“எங்கயும் கொண்டுபோய் விட்டுறாதீங்க தம்பி. ஊருக்குள்ளயே ஒரு ரூம்பு இருந்தாப் போதும்.”

திரும்பும்போது டீக்கடையில் இதைச் சொன்னேன். அங்கிருந்த பெரியவர் ஒருவர், “இல்லம், விடுதியெல்லாம் வெள்ளைக்காரன் கொண்டாந்த பழக்கம். நம்ம பக்கம் ஏது?” என்றார். யாரும் மறுக்கவில்லை. எனக்கும் அப்போது பதில் தெரியவில்லை. ஆளில்லாத முதியவருக்கு ஊர்ப் பொதுவில் கூரையும் கஞ்சியும் கொடுப்பது இந்தக் கரையில் எப்போது தொடங்கியது, யார் கையில் இருந்தது, ஏன் கைவிட்டுப் போனது என்று அன்றிலிருந்து தேடத் தொடங்கினேன்.

முதல் தடயம் பஸ் போர்டிலேயே இருந்தது. பரமக்குடியிலிருந்து ராமநாதபுரம் வரும் வழியில் சத்திரக்குடி. ராமேஸ்வரம் போகும் வழியில் மண்டபம், அக்காள்மடம், தங்கச்சிமடம். வாழ்நாள் முழுக்க இந்தப் பெயர்களைச் சொல்லி டிக்கெட் எடுத்திருக்கிறேன். எல்லாமே தங்க இடம் தந்த கட்டடங்களின் பெயர்கள் என்று ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. சேதுவுக்கு நடந்து வருகிறவர்களுக்காக வழி நெடுகச் சத்திரங்கள் இருந்தன. அவற்றின் செலவுக்குச் சேதுபதிகள் ஊர்களையே எழுதி வைத்தார்கள். எங்கள் மாவட்டத்து வரலாற்றறிஞர் எஸ்.எம்.கமால் தொகுத்த சேதுபதி மன்னர் செப்பேடுகளைப் படித்தால், அன்னதானத்துக்கென்று நிலம் விட்ட செய்தி திரும்பத் திரும்ப வருகிறது.

பெரியபட்டினமோ அதற்கும் பழையது. சீனத்துப் பீங்கான் ஓடுகள் கிடைத்த மண் இது. 1980-களில் தமிழ்ப் பல்கலைக்கழகம் அகழாய்வு செய்தது. கல்வெட்டுகள் சொல்லும் பவித்திரமாணிக்கப்பட்டினம் இதுதான் என்று நொபொரு கராஷிமாவும் எ.சுப்பராயலுவும் காட்டியிருக்கிறார்கள். அந்தப் பட்டினத்துச் சோனகர் பள்ளிவாசலுக்குப் பாண்டியன் நிலம் விட்ட கல்வெட்டு திருப்புல்லாணிப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கிறது. கடல் கடந்து வந்தவனுக்கு இடம் கொடுத்து, அந்த இடம் நிலைக்க நிலமும் கொடுத்த ஊர் இது.

சத்திரம் வழிப்போக்கனுக்குத்தானே, முதியவருக்கு அதில் என்ன என்று எனக்கே சந்தேகம் வந்தது. தஞ்சை மராட்டிய மன்னர் சரபோஜி 1801-ல் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதம் அதைத் தீர்த்து வைத்தது. ராமேஸ்வரப் பாதையில் தம் முன்னோர் கட்டிய சத்திரங்கள் எப்படி நடக்கின்றன என்று அதில் விவரிக்கிறார். நோயில் விழுந்தவரை நடக்கத் தெம்பு வரும்வரை வைத்துப் பார்ப்பது, வைத்தியர் வைப்பது, பிள்ளைத்தாய்ச்சிகளைக் கவனிப்பது, ஆதரவற்ற பிள்ளைகளைப் படிக்க வைப்பது எல்லாம் சத்திரத்தின் வேலைகள். சேது யாத்திரைக்குக் கிளம்பியவர்களில் வயதானவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! பாதி வழியில் கால் ஓய்ந்தவர்களுக்கு அந்தத் திண்ணையைத் தவிர வேறு எது இருந்திருக்கும்?

பிறகு கம்பெனி ஆட்சி வந்தது. 1817-ஆம் ஆண்டின் 7-ஆவது ஒழுங்குமுறைச் சட்டம், கோயில், பள்ளிவாசல் மானியங்களோடு சத்திரங்களையும் ரெவின்யூ போர்டின் மேற்பார்வையில் வைத்தது. 1884-ல் உள்ளாட்சி போர்டுச் சட்டம் வந்ததும் மாகாணத்தில் பல சத்திரங்கள் தாலுகா போர்டு, ஜில்லா போர்டு வசம் போயின. சத்திரங்களை நடத்துவதும் உள்ளாட்சியின் வேலைகளில் ஒன்றாக இருந்தது.

எங்கள் பக்கம் அதைக் கலைத்ததில் ரயிலுக்கும் பங்கு உண்டு. 1914-ல் பாம்பன் பாலம் திறந்தது. நாள்கணக்கில் நடந்து வந்தவர்கள் ராத்திரி வண்டி ஏறிக் காலையில் இறங்கினார்கள். வழிச் சத்திரங்களில் அடுப்பு அணைந்தது. சுதந்திரத்துக்குப் பின் 1958-ஆம் ஆண்டுச் சட்டங்கள் ஜில்லா போர்டுகளை எடுத்துவிட்டு ஊராட்சி ஒன்றியங்களைக் கொண்டுவந்தன. கட்டடங்கள் அலுவலகமாக, மாணவர் விடுதியாக, கிட்டங்கியாக மாறின. யாரும் திட்டமிட்டுப் பறிக்கவில்லை. முதியவருக்கு அங்கே இடம் இருந்தது என்பதையே எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

மறக்காத ஓர் இடம் சென்னையில் இருக்கிறது. ஸ்டான்லி மருத்துவமனையை வடசென்னைப் பெரியவர்கள் இன்னும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொல்வார்கள். ஹைதர் அலிப் போரை ஒட்டி வந்த 1782 பஞ்சத்தில் பசித்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றத் தொடங்கிய இடம் அது. ஊர் மணியக்காரர் பெயரால் மணியக்காரர் சத்திரம் ஆனது, ஆங்கிலத்தார் வாயில் மணேகர் சௌல்ட்ரி. 1799-ல் ஜான் அண்டர்வுட் என்ற கம்பெனி மருத்துவர் அங்கே வைத்தியசாலை தொடங்கினார். அது வளர்ந்து 1938-ல் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி ஆனது. சத்திரமோ ஏழை முதியோர் இல்லமாகத் தங்கிவிட்டது. டீக்கடைப் பெரியவருக்கு நான் கொண்டுபோக வேண்டிய பதில் இதுவே. ஒரு மணியக்காரரின் கஞ்சித்தொட்டியிலிருந்து முளைத்த முதியோர் இல்லத்தை வெள்ளைக்காரன் பழக்கம் என்று எப்படிச் சொல்வது?

ஆனாலும் ‘இல்லம்’ என்றதும் ஆத்தாவுக்கு வந்த பயத்தில் நியாயம் இருக்கிறது. இங்கிலாந்தில் 1834 சட்டத்துக்குப் பின் ஏழைகளை அடைத்து வைத்த வேலைச்சாலைகள், 1948-க்குப் பிறகும் பெயர் மாறி முதியோர் விடுதிகளாக நடந்தன. பீட்டர் டவுன்சென்ட் என்ற சமூகவியலாளர் 173 இல்லங்களை நேரில் பார்த்து 1962-ல் எழுதிய பெரிய நூல் அவற்றை உலுக்கியது. அடுத்த இருபது ஆண்டுகளில் அங்கே உள்ளாட்சிக் கவுன்சில்கள் பொறுப்பாளரும் உதவிக்கு அழைக்க மணிக்கயிறும் கொண்ட ஒற்றை அறைக் குடியிருப்புகளை ஏராளமாகக் கட்டின. குளியலறை பொதுவாக இருந்த அந்த அறைகள் இன்றைய முதியவருக்குப் போதவில்லை என்று இப்போது இடித்துத் திரும்பக் கட்டுகிறார்கள். எங்கள் கரையிலிருந்து பிழைக்கப் போனவர்கள் வாழும் சிங்கப்பூரில், கம்போங் அட்மிரல்டி என்ற அரசு வளாகம் 2018-ல் முறையாகத் திறக்கப்பட்டது. முதியோருக்கு 104 வீடுகள். அதே கட்டடத்தில் சாப்பாட்டுக் கடைகள், மருத்துவ மையம், குழந்தைகள் காப்பகம். இறங்கி வந்தால் ஊர் நடமாட்டம். ஆத்தா கேட்டதும் அதுதான்.

‘இல்லம்’ என்றதும் இந்தக் கரை நடுங்குவதற்கு வேறொரு காரணமும் உண்டு. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில், கீழக்கரையைத் தாண்டியுள்ள ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த தனியார் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாக வழக்கெடுத்தது, அங்கிருந்த அப்படிப்பட்ட விடுதிகள் மூடப்பட்டன. அந்தக் கொட்டகைகளைப் பொறுப்பேற்று நடத்தியது எந்தப் பொது அமைப்பும் இல்லை. ஊர்ச் சொத்தாக இருந்திருந்தால் அந்தச் சங்கிலியை யாராவது ஒருவர் கேள்வி கேட்டிருப்பார் என்றே நான் நம்புகிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் பார்த்தேன். 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 19-ஆவது பிரிவு: மாவட்டத்துக்கு ஒன்றாவது என்று தொடங்கி, வசதியற்ற 150 முதியோராவது தங்கும் இல்லங்களை மாநில அரசு நிறுவலாம். ‘நிறுவ வேண்டும்’ என்று இல்லை, ‘நிறுவலாம்’ என்று இருக்கிறது. இத்தனை பெரிய கடமை அந்த ஒரு சொல்லில் நின்றுபோகிறது. 150 பேர் என்ற கணக்கும் எனக்கு உவப்பில்லை. அது ஆத்தாவைக் கடலை விட்டு மாவட்டத் தலைநகருக்கு ஏற்றிவிடும். 25 முதியோரும் 25 குழந்தைகளும் ஒரே வளாகத்தில் வாழும் ஒருங்கிணைந்த இல்லங்கள் தமிழ்நாட்டிலேயே உண்டு, தொண்டு நிறுவனங்கள் நடத்துகின்றன. அந்த அளவு சரி. இன்னும் சிறியதாக, ஊருக்குப் பத்து அறை என்றாலும் சரி.

தேடலில் என்னை அதிகம் வியக்க வைத்தது மிக அண்மைக்காலச் செய்தி. தமிழ்நாட்டில் முதியோர் ஓய்வூதியம் 1962-ல் 20 ரூபாயில் தொடங்கியது. எம்.ஜி.ஆர். 1982-ல் கொண்டுவந்த சத்துணவுத் திட்டம், அடுத்த ஆண்டே அந்த ஓய்வூதியம் பெறுகிறவர்களுக்கும் விரிந்தது. சத்துணவுக் கூடத்தில் பிள்ளைகளோடு முதியவருக்கும் ஒரு தட்டு. ஆக, சத்திரத்தின் அடுப்பு திரும்ப எரியத் தொடங்கி நாற்பது ஆண்டு தாண்டிவிட்டது. அதன் பக்கத்தில் படுக்க ஒரு கூரைதான் வரவில்லை.

கூரைக்கு இடமா இல்லை? எத்தனை ஊர்களில் பழைய டிவி அறை, மூடிய நூலகம், ஓடு சரிந்த சமுதாயக் கூடம் எல்லாம் ஊராட்சிச் சொத்தாகப் பூட்டிக் கிடக்கின்றன! அரசியலமைப்பின் 11-ஆவது அட்டவணை ஊராட்சிகளுக்கென்று வைத்திருக்கும் 29 பொறுப்புகளில் ஊரக வீட்டுவசதி இருக்கிறது, சமூக நலம் இருக்கிறது, பொதுச் சொத்துப் பராமரிப்பும் இருக்கிறது. படியில்லாத தரைத்தளம், அறைக்குள்ளேயே கழிப்பறை, சுவரில் பிடிகம்பி, வெளியே உட்காரத் திண்ணை, சத்துணவுக் கூடம் கூப்பிடு தூரத்தில். பெரிய செலவு இல்லை. 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் அறுபதைத் தாண்டியவர்கள். இன்று அந்தக் கணக்கு இன்னும் கூடியிருக்கிறது.

கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கூடுகிறது. உங்கள் ஊரில் பூட்டிக் கிடக்கும் கட்டடம் எது என்று அதற்கு முன் ஒரு நடை போய்ப் பார்த்துவிடுங்கள். சபையில் எழுந்து, அதைத் தனியாரிடம் விடாமல் ஊராட்சியே முதியோர் அறைகளாக மாற்றிக் கட்ட வேண்டும் என்று கேளுங்கள். தீர்மானப் புத்தகத்தில் அதை எழுதும்வரை உட்காராதீர்கள்.