கோணல் ஸ்டியரிங்கும் கல்வராயன் பாதையும்

வெள்ளி இரவு, கள்ளக்குறிச்சி

வெள்ளிமலையில் கடுக்காய் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு இறங்கினோம். கோமுகி அணையைத் தாண்டிக் கச்சிராயபாளையம் வந்ததும்தான் கவனித்தேன்: எங்கள் ஜிப்சி ஜீப் நேராக ஓடுகிறது, ஸ்டியரிங்கின் குறுக்குக் கம்பி மட்டும் வலப்பக்கம் சாய்ந்து நிற்கிறது. மலையில் வளைவுக்கு வளைவு ஒடித்துக்கொண்டே வருவதால் இது கண்ணில் படாது. சமதளம்தான் காட்டிக்கொடுக்கும். மலைக்குப் போகிற வண்டியில் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

சனி காலை

முதல் வேலை, நான்கு டயர்களிலும் காற்று சரிபார்ப்பது. முன் டயர் ஒன்றில் காற்று குறைந்தாலே வண்டி அந்தப் பக்கம் இழுக்கும். அதைச் சமாளிக்கப் பிடிக்கிற பிடியில் ஸ்டியரிங் கோணலாகிவிடும். காற்று சரியாகவே இருந்தது. சேலம்–உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையில் ஆளில்லாத நேரத்தில் ஓட்டிப் பார்த்தேன். மழைநீர் வடிவதற்காகச் சாலை ஓரத்தை நோக்கிச் சற்றுச் சரிந்திருக்கும். அதனால் இடப்பக்கம் போகும் வண்டியை லேசாக வலப்பக்கம் பிடிப்பது இயல்பு. இந்தச் சாய்வு அதைவிட அதிகம்.

சனி மாலை, பட்டறை

பட்டறையில் வேலை பழகும் பையன் உடனே வழி சொன்னான். “ஸ்டியரிங்கக் கழட்டி ஒரு பல்லு தள்ளி மாட்டினா நேரா ஆயிடும்ணே.”

மெக்கானிக் அண்ணன் தடுத்தார். “பாக்க நேராத் தெரியும்டா, வண்டி நேரா ஆவாது. கீழ எதுவோ நகந்திருக்கு. மொதல்ல அதப் பாரு.”

அவர் விளக்கியது ஜீப் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அறிய வேண்டியது. ஸ்டியரிங் பாக்ஸுக்கென்று ஒரு நடு உண்டு. உள்ளே பற்கள் மிக நெருக்கமாகச் சேர்வது அந்த நடுவில்தான். இரு பக்கமும் போகப் போகச் சற்றுத் தளரும். நேர்ச்சாலையில் வண்டி அலையாமல் போவதற்கு அந்த இறுக்கம்தான் காரணம். கோணலை மறைக்க ஸ்டியரிங்கை மட்டும் மாற்றி மாட்டினால், பாக்ஸ் நடுவை விட்டு விலகியபடியே வேலை செய்யும். நேராக ஓட்டும்போது ஆட்டம் வரும். ஒரு பக்கம் நன்றாக ஒடியும், மறுபக்கம் குறையலாம். கொண்டை ஊசி வளைவில் அந்தக் குறை உயிருக்கே ஆபத்து.

ஞாயிறு

என்ஜினை நிறுத்திவிட்டு நான் ஸ்டியரிங்கை இரு பக்கமும் சிறிது சிறிதாக அசைத்தேன். அண்ணன் கீழே படுத்து ஒவ்வொரு மூட்டாகக் கைவைத்துப் பார்த்தார். டை ராடு எண்டுகள், கிங் பின், பாக்ஸைச் சேஸியோடு பிடிக்கும் போல்ட்டுகள் எல்லாம் உறுதியாகவே இருந்தன. அடுத்து, முன் ஆக்சிலுக்கும் சேஸிக்கும் உள்ள தூரத்தை இரு பக்கமும் டேப்பில் அளந்தார். இடப்பக்கம் ஆக்சில் பின்வாங்கியிருந்தது.

அந்தப் பக்கத்துப் பட்டாவின் (லீஃப் ஸ்பிரிங்) சென்டர் போல்ட் முறிந்திருந்தது. ஆக்சில் எந்த இடத்தில் உட்கார வேண்டும் என்று பிடித்து வைப்பது அந்தச் சிறு போல்ட்தான். கல்லிலும் பள்ளத்திலும் அடிபட்டு யூ போல்ட்டுகள் தளர, முழு அடியும் சென்டர் போல்ட்டில் இறங்கிவிட்டது. புது போல்ட் போட்டு, உடைந்த பட்டா ஒன்றையும் மாற்றி, யூ போல்ட்டுகளை இறுக்கினோம்.

திங்கள்

ஆக்சில் தன் இடத்துக்கு வந்ததும் பெரும்பகுதிக் கோணல் போய்விட்டது. கொஞ்சம் மிச்சம் இருந்தது. புதுப் பட்டாவால் முன்பக்கம் சற்று உயர்ந்ததும், பாக்ஸிலிருந்து எதிர்ப்பக்கச் சக்கரத்துக்குக் குறுக்கே போகும் டிராக் லிங்கின் சரிவு மாறிவிடும். அந்த மாற்றம் ஸ்டியரிங்கில் தெரியும். வண்டியை உயர்த்திக் கட்டுகிறவர்கள் எல்லோரும் சந்திக்கிற சிக்கல் இது.

டிராக் லிங்கைக் கழற்றி, ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை சுற்றி எண்ணி, பாதியில் நிறுத்தினோம். அங்கே குறுக்குக் கம்பி நேராக நின்றது. அப்படியென்றால் முன்பு யாரும் ஸ்டியரிங்கைக் கழற்றித் தவறாக மாட்டவில்லை. டிராக் லிங்கைத் திரும்ப மாட்டி, இரு முனை லாக் நட்டுகளையும் தளர்த்தினோம். ஒரு முனையில் மரை வழக்கம்போல இருக்கும், மறுமுனையில் எதிர்மரை. அதனால் நடுக் குழாயைத் திருப்பினால் லிங்கின் நீளமே கூடும், குறையும். எந்தப் பக்கம் திருப்புவது என்று குழம்ப வேண்டாம்: முன் சக்கரங்களை நேராக நிறுத்தி, கால் சுற்று திருப்பினால் ஸ்டியரிங் நகரும் திசையே சொல்லிவிடும். நேரானதும் நட்டுகளை இறுக்கி, ஓட்டிப் பார்த்து, மறுபடி இறுக்கம் பார்த்தோம்.

முன் சக்கரங்கள் இரண்டும் ஒரே ஆக்சிலில் இணைந்த ஜிப்சி போன்ற வண்டியில் சக்கரங்களின் உள்நோக்கை (டோ-இன்) வைத்திருப்பது டை ராடு. டிராக் லிங்கைத் திருப்பினால் அது மாறாது. முன் சக்கரங்கள் தனித்தனியே இயங்கும் வண்டிகளில் இரு பக்க டை ராடுகளையும் சம அளவில், ஒன்றைக் கூட்டி மற்றதைக் குறைக்க வேண்டும். ஸ்டியரிங் கோணத்தைப் படிக்கும் சென்சார் உள்ள புது வண்டிகளுக்கு அலைன்மென்ட் கடையே சரி.

செவ்வாய், வெள்ளிமலை

ஏற்றத்தில் வண்டி இரு பக்கமும் ஒரே மாதிரி ஒடிகிறது. இந்த மலையில் அது சின்ன விஷயம் இல்லை. கல்வராயன் மலை 1976 வரை ஜாகீர்தார்களின் கையில் இருந்தது. உள்கிராமங்களுக்கு இன்னமும் நல்ல சாலை முழுமையாகப் போய்ச் சேரவில்லை. 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் இம்மலைவாழ் மக்களின் நிலை குறித்துத் தானாக முன்வந்து வழக்கெடுத்தபோது சாலைகள் பற்றியும் கேள்வி எழுப்பியது. சாலை சரியில்லாத ஊர்களில் மரவள்ளி இறங்குவதும் பிரசவத்துக்குப் பெண்கள் இறங்குவதும் இத்தகைய ஜீப்புகளில்தான்.

மலைக்கு வண்டி ஓட்டும் தோழர்களே, ஸ்டியரிங் கோணலாக நின்றால் அதைக் கழற்றி மாட்ட விடாதீர்கள். கீழே பார்க்கச் சொல்லுங்கள். சென்டர் போல்ட்டையும் யூ போல்ட்டையும் ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் சரிபாருங்கள். பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் உங்களை நம்பித்தான் ஏறுகிறார்கள்.