வேடமும் விளையாட்டும்

திரையில் ஒருவர் ஏற்கும் வேடத்தைக் கொண்டே அவரை நாம் அளந்துவிடுகிறோம். ராகுல் போஸ் என்ற நடிகரை நம் சமுதாயம் இரண்டு வேடங்களில் நன்கறியும். இரண்டும் முஸ்லிம் வேடங்கள். இரண்டுக்கும் தமிழகத்தோடு தொடர்பும் உண்டு.

முதலாவது, அபர்ணா சென் இயக்கத்தில் 2002 இல் வந்த ‘மிஸ்டர் அண்ட் மிஸஸ் ஐயர்’. கலவரக்காரர்கள் பேருந்தை மறித்து, பெயரைக் கேட்டு உயிரைப் பறிக்கும் வேளை. ஜஹாங்கீர் என்னும் முஸ்லிம் இளைஞனை, உடன் பயணம் செய்யும் மீனாட்சி என்ற தமிழ்ப் பிராமணப் பெண் தன் கணவன் என்று சொல்லிக் காப்பாற்றுகிறாள். சற்று முன்பு அவன் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டோமே என்று கூசியவள் அவள். மயிலாப்பூர் மாட வீதியில் நாம் அன்றாடம் காணும் ஒரு வீட்டுப் பெண்ணைப் போலவே இருப்பாள். அந்த ஜஹாங்கீர்தான் ராகுல் போஸ்.

இரண்டாவது, கமல்ஹாசனின் ‘விஸ்வரூபம்’. அதில் அவர் உமர் என்னும் பயங்கரவாதி. நம் அமைப்புகள் வருந்திக் குரலெழுப்பியதும், 2013 ஜனவரியில் தமிழகத்தில் படம் தடுக்கப்பட்டதும், பேச்சுவார்த்தைக்குப் பின் சில மாற்றங்களுடன் பிப்ரவரி 7 அன்று வெளியானதும் நாடறிந்தவை. ஒரே மனிதர் ஒரு படத்தில் நம் கண்ணீரையும் மற்றொரு படத்தில் நம் சினத்தையும் பெற்றார். இவற்றுள் எது அவர்? எதுவுமன்று. வேடம் களைந்த அவரைக் காண ரக்பி மைதானத்துக்குத்தான் போகவேண்டும்.

ரக்பி நம் நாட்டுக்குப் புதிதன்று. கல்கத்தாவில் வெள்ளையர் நடத்திய ரக்பிக் கழகம் 1870களில் கலைந்தபோது, கையிருப்பு வெள்ளி ரூபாய்களை உருக்கிச் செய்த கோப்பைக்காகத்தான் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் இன்றும் மோதுகின்றன. ஆயினும் இந்தியாவின் தேசிய அணி முதன்முதலாகப் பன்னாட்டுப் போட்டியில் இறங்கியது 1998 இல்தான். அந்த முதல் அணியில் ராகுல் போஸ் இருந்தார். ஏறத்தாழ பத்தாண்டுகள் ஆடினார். நடிப்பு தந்த புகழில் நூற்றில் ஒரு பங்கையும் ரக்பி அவருக்குத் தரவில்லை. அடியும் காயமும் மட்டும் தாராளமாகக் கிடைக்கும் ஆட்டம் அது.

அதன் விதி விந்தையானது. பந்தைக் கையில் ஏந்தி முன்னே ஓடலாம். காலால் முன்னே உதைக்கலாம். ஆனால் கையால் எறிவதானால் முன்னே எறியக்கூடாது. முன்னேற நினைப்பவன் தன் பின்னால் வருகிறவனை நம்பியே தீரவேண்டும். முன்வரிசையினர் தோளோடு தோள் பிணைந்து முட்டித் தள்ளும்போது, அவர்களின் காலடியிலிருந்து பந்தை எடுத்துத் தோழர்களுக்கு வழங்குபவர் ஒருவர் உண்டு. அவர் பெரும்பாலும் உருவில் சிறியவராகவே இருப்பார். ராகுல் போஸ் ஆடிய இடங்களுள் அதுவும் ஒன்று. படத்தில் நாயகனாக நின்றவர், மைதானத்தில் பந்தைப் பிறருக்குக் கொடுக்கும் பணியை விரும்பி ஏற்றார். பின்னாளில் இந்திய ரக்பி அமைப்பின் தலைவராகவும் பொறுப்பேற்றார். 2025 ஜூனில் மும்பையில் எழுவர் ரக்பியின் முதல் லீக் போட்டி நடந்தபோது, கோப்பையை வென்றது சென்னையின் பெயர் தாங்கிய அணி.

இவற்றையெல்லாம் நான் தேடிப் படித்ததற்குக் காரணம் உண்டு. அடையாற்றில் வசிக்கும் என் தங்கையின் மகள், பதினைந்து வயதுக்காரி, பள்ளியில் ரக்பி ஆட விரும்பினாள். தங்கை கலங்கிப்போனாள். “காக்கா, கை கால் முறிந்தால் யார் பொறுப்பு? நாளைக்குச் சம்பந்தம் பேச வருகிறவர்கள் என்ன சொல்வார்கள்?” என்றாள்.

தாயின் அச்சத்தை ஏளனம் செய்யலாகாது. காயம் மெய், ஊர்வாயும் மெய். ஆனால் அவளுக்கு இரண்டு செய்திகளைச் சொன்னேன். ராகுல் போஸுக்குக் குத்துச்சண்டையையும் ரக்பியையும் அறிமுகம் செய்தவர் அவருடைய தாயார். இலண்டனில் ஸைனப் அலிமா என்ற செவிலியர் ஹிஜாப் அணிந்தே ரக்பி ஆடிப் பெயர் பெற்றிருக்கிறார்.

பிறகு அண்ணல் நபி (ஸல்) அவர்களை நினைவூட்டினேன். ருகானா என்ற மல்லரோடு மற்போரிட்டவர்கள்; அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் ஓடியவர்கள். ஒருமுறை மனைவி வென்றார். பின்னொருமுறை கணவர் வென்றார். உடலின் வலிமையும் உள்ளத்தின் மகிழ்ச்சியும் மார்க்கத்துக்குப் பகையென்றால், இந்தச் செய்திகளை நம் முன்னோர் போற்றிக் காத்திருப்பார்களா?

தங்கை நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “உடுப்பு நம் முறைப்படி இருக்கவேண்டும், மஃரிபுக்குள் வீடு திரும்பவேண்டும்” என்றாள். மறுவாரம் தாயும் மகளும் தியாகராய நகர் பாண்டி பஜாருக்குப் போய் விளையாட்டுக் காலணி வாங்கி வந்தார்கள்.

நம் பெண்மக்களுக்கும் உலகம் ஆயத்தமாகச் சில வேடங்களை வைத்திருக்கிறது: ஒடுங்கியவள், ஒடுக்கப்பட்டவள், பேசாதவள். அவற்றை மறுத்து மேடையில் முழங்குவதைவிட, அவள் பந்தோடு ஓடும்போது நம்பிப் பின்னால் ஓடிவருவதே நாம் செய்யத்தக்கது. திரும்பிப் பாராமலே அவள் பந்தைப் பின்னால் எறியும் நாளில், அதைப் பற்றிக்கொள்ள அங்கே நாம் இருக்கவேண்டும்.